ஒத்தைப் பிரிண்ட்

பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் கங்காதரன் வாங்கிப்போன பொருள் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. என் ஏணியைக் கேட்கப் போய்ப் போய்த்தான் இந்தக் கதை முழுக்க எனக்குத் தெரியும். மனிதர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கை சீல் போட்டு வைப்பது, கேட்டு வருகிறவனை அலையவிடுவது, இந்த இரண்டையும் அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சர்க்கரை டப்பாவைத் திறக்க மனைவி பார்வதம் காரணம் சொல்ல வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு அவரைப் பிடித்த பைத்தியம், டிவி படங்களின் பழைய பிலிம் பிரிண்ட். அந்தக் காலத்தில் டிவிக்கென்றே பிலிமில் எடுத்த அரைமணி நேரப் படங்கள் இப்போது ஆன்லைன் ஏலத்தில் வருகின்றன. கங்காதரன் ஏலத்தில் எடுப்பார். ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டில் புரொஜெக்டரே கிடையாது. டப்பாவைச் சுற்றிப் பிரவுன் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் ஏற்றிவிடுவார். “சீல் உடையாத சரக்குக்குத்தாம்பா மரியாத” என்பார்.

அவருடைய பெருமையெல்லாம் ‘ஏரிக்கரை ஸ்டாப்பிங்’ என்ற படம். எண்பதுகளில் எங்கள் ஏரிக்கரையிலேயே எடுத்தது. உலகத்திலேயே ஒரே பிரிண்ட் தன்னிடம்தான் இருக்கிறது என்று, சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு தினமும் போடுவார். போன வருடம் இன்னொரு பிரிண்ட் ஏலத்துக்கு வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர்த்து ஏலம் கேட்டவள் பூந்தமல்லி ஷாகிதா. அந்தப் படத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணாக நடித்தது அவள் அம்மா ஃபக்ருன்னிசா. இவளைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதிலும் தலை குனிந்து, முக்காடு முகத்தைப் பாதி மறைத்திருக்கிறது. ஷாகிதா ஏலப் பக்கத்தில் எல்லோருக்கும் எழுதினாள்: “இதில் நடித்தது என் அம்மா. நான் அவங்க முகத்தைப் பார்த்ததே இல்லை. தயவுசெய்து எனக்கு விட்டுக்கொடுங்கள்.”

கங்காதரன் அதை எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தார். “ஏமாந்த பொண்ணுபா. இம்மாம் ஆச கீதுன்னு ஏலத்துல எவனாவது சொல்வானா?” கடைசி நொடியில் விலையை ஒரு தூக்குத் தூக்கி, எடுத்தும்விட்டார்.

விசாரித்துக்கொண்டு ஷாகிதா அவர் வீட்டுக்கே வந்தாள். ஏணி கேட்டு நானும் அங்கே நின்றிருந்தேன். அவளை உட்காரச் சொல்லவில்லை.

“எனக்கு வேணாம் சார், நீங்களே வெச்சிக்கோங்க. ஒரே ஒரு வாட்டி ஓட்டிக் காமிங்க. மெஷின் நான் வாடகைக்கு எடுத்தாரேன்.”

“ஓட்டினா கோடு உழும்மா.”

“உங்ககிட்டதான் ரெண்டு கீதே சார். ஒண்ணுல கோடு உழுந்தா இன்னா?”

“ரெண்டு இருக்காது. நீ கெளம்பு.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே படத்தின் இரண்டு பிரிண்ட் ஒருவரிடம் சேர்ந்தால், ஒன்றை வெட்டி அழித்து வீடியோ போட வேண்டும். அப்போதுதான் மற்றதை ‘ஒத்தைப் பிரிண்ட்’ என்று ஒப்புக்கொள்வார்கள்.

மொட்டை மாடியில், பார்வதத்தின் தையல் கத்திரியாலேயே கங்காதரன் வேலையை ஆரம்பித்தார். வெட்டியது ஏலத்தில் புதிதாக எடுத்ததை; மூடி தொலைந்த டப்பாவில் யாரோ போட்டுவைத்திருந்த பிரிண்ட் அது. பளபளவென்று புதுசாக இருந்தது.

“ஏங்க, அந்தப் பொண்ணுக்கு ஒருவாட்டி காட்டிட்டு அப்பால வெட்டுங்களேன்” என்றாள் பார்வதம்.

“போன ஆடாம புடி, வீடியோ ஆடுது” என்றார்.

துண்டுகள் குப்பை வண்டியில் போயின. அடுத்த மாதம் பரணில் இருந்ததை வாங்கப் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறியது. உள்ளே பிலிம் இல்லை. சுருங்கி ஒட்டிப்போன ஒரு கட்டி இருந்தது.

“பிலிம்ல இருந்து ஆசிட் ஆவி வரும் சார். அது வெளிய போகணும். அடைச்சு வெச்சா பிலிமையே தின்னுடும்” என்றார் வந்தவர். “இத்தனை டேப் ஒட்டி நீங்களே கொன்னுட்டீங்க.” காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கங்காதரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்? ஆனால் அவசரப்பட்டுவிட்டேன்.

மாடியில் வெட்டிய அன்றைக்கே பார்வதம் ஒரு துண்டை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பெங்களூர்க்காரர் வந்துபோன மறுநாள் ஷாகிதாவை வரவழைத்துக் கொடுத்தாள். விரல் நீளம்தான் இருக்கும். ஷாகிதா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சுண்டுவிரல் நகம் அளவுக் கட்டங்களில் ஒரு பெண்ணின் முகம். யாரையோ பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறாள். சிரிப்பு மலர்கிற இடத்தில் கத்திரி போயிருந்தது.

“இந்தக் கன்னக்குழி எனக்கு எங்கேர்ந்து வந்திச்சின்னு…” என்று தன் கன்னத்தைத் தொட்டாள் ஷாகிதா.

உள்ளேயிருந்து வந்த கங்காதரன் துண்டை அவள் விரல்களிலிருந்து உருவிக்கொண்டார். “இப்ப ஒலகத்துலயே மிச்சம் இது ஒண்ணுதாம்மா. சும்மா தூக்கிக் குடுத்துட முடியுமா?”

அதைக் கவரில் போட்டுச் சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டினார். மாலையில் ஏலத்தில் ஏற்றிவிட்டார். “நடிகையின் சொந்த மகளே கெஞ்சிக் கேட்ட படம்” என்று எழுதி, அன்று ஷாகிதா எழுதியதையும் அப்படியே கீழே சேர்த்திருந்தார்.

முதலில் கேட்டது ஷாகிதா. இந்தத் தடவை அவள் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. அவளை எதிர்த்து ஏற்றிக்கொண்டே போன பெயர் பார்வதம். பார்வதத்துக்கு ஏலம் கேட்கத் தெரியாது. அவள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போன் கங்காதரன் கையில் இருந்தது.