சீட்டை முன்னால் இழுத்தது யார்

அம்மாவுக்கு விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது எனக்கு எட்டு வயது. தூத்துக்குடியிலிருந்து தினமும் பஸ் மாறி மாறிப் போய் வருவது ஆகாத காரியம். அங்கேயே அறை எடுத்துத் தங்கி சனி, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் கார் வாங்கலாம். பள்ளி திறப்பதற்குள் கார் அமையாவிட்டால் அம்மா இல்லாத வீட்டில்தான் நான் தூங்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை. மற்றவர்களுக்குக் காரின் நிறம், கம்பீரம், தெருக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று ஏகப்பட்ட கவலைகள்.

வீட்டில் வண்டியே இல்லாமல் இல்லை. துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் அப்பாவுக்குக் கடை. படகுக்கு வேண்டிய கயிறும் பெயிண்டும் விற்றார். அந்தச் சாமான் ஏற்றுகிற பழைய வேனில்தான் நாங்கள் கல்யாண வீடுகளுக்கும் போவோம். இறங்கிய பிறகும் பட்டுப்பாவாடையில் பெயிண்டு வாசம் போகாது. அதைக் கொடுத்துவிட்டு, பாக்கிக்கு பேங்கில் கடன் போட்டு, பார்க்க ஜோராகவும் உழைக்க உறுதியாகவும் ஒரு பழைய கார் எடுப்பது என்று முடிவாயிற்று. கடன் அம்மாவின் சம்பளத்தின் பேரில். ஓட்டுவதற்கு ஒரு டிரைவர்.

கார் தேடுகிற பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி, பழைய கார் புரோக்கர். கடற்கரைக்காரன் காரை வாங்காதே, உப்புக்காற்று அடியைத் தின்றிருக்கும் என்பதுதான் அவருடைய வேதம். எந்தக் காரைக் கண்டாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். பிறகு கதவின் கீழ்விளிம்பை நாணயத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தேங்காய் வாங்குவது போல இருக்கும்.

முதல் கார் வெள்ளை, பெரியது. "அத்தான், கல்யாண மாப்பிள்ள கணக்கா நிக்கி, பாத்தியளா" என்றார் மாமா. அப்பா அந்த அழகில் அங்கேயே விழுந்துவிட்டார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கி, "வேண்டாம்" என்றாள். அடுத்து ஏறிய மாமாவுக்கு முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது.

"சீட்ட யாரு இம்புட்டு முன்னால இழுத்தது? ஏளா, ஒன் வேலதான?"

நான் அந்தப் பக்கமே போகவில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்.

இரண்டாவது கறுப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படியொரு பளபளப்பு. அம்மா ஏறினாள், கழுத்தை நீட்டி முன்னால் எட்டிப் பார்த்தாள், இறங்கினாள். இதுவும் வேண்டாம். சீட்டுக்கான திட்டு மறுபடியும் எனக்கு. "ஒங்க அக்காவுக்குக் கப்பலத்தான் கொண்டாந்து நிறுத்தணும் மாப்ள" என்று அப்பா சலித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு வீட்டுக்கு வரவே இஷ்டமில்லை, அதனால்தான் எல்லாக் காருக்கும் நொட்டை சொல்கிறாள் என்று முடிவுகட்டி, சோறு வேண்டாம் என்று அழுதேன். "கடன் கட்டப்போறவ நான். நீ எதுக்குளா அழுத?" என்று அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது கார் சாத்தான்குளத்தில், ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டில் நின்றது. சின்ன கார். ஆனால் சிவப்பு, போகிறவர் திரும்பிப் பார்க்கிற சிவப்பு. மாமா தட்டிப் பார்த்து, அடி சுத்தம் என்றார். "கால நீட்ட எடமில்லியே" என்று அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அம்மா ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை இறங்கவே மனமில்லாதவள் போல இருந்தாள்.

"இது போதும்."

பேங்கில் மேனேஜர், வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டார். "டிரைவர் போட்ருவோம் சார்" என்றார் அப்பா. அம்மா கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான்தான் சார் ஓட்டுவேன்."

ஆசிரியர் பயிற்சி என்று சொல்லி விடுமுறை முழுக்க அவள் போய் வந்தது டிரைவிங் ஸ்கூலுக்கு. முன்பே சொல்லியிருந்தால், லாரி ஓடுகிற ரோட்டில் பொம்பளைக்கு இது எதற்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்லி அமுக்கியிருப்பார்கள். அப்பா லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று பயந்தேன்.

"கால் எட்டுதா ஒனக்கு?" என்று கேட்டார்.

"இதுல எட்டுது" என்றாள் அம்மா.

சீட்டை இழுத்தது யார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. மாமா என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை; வரும் வழியில் பரோட்டா வாங்கித் தந்தார்.

பள்ளி திறந்தது. அம்மா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள், சிவப்புக் காரில், வெறுங்காலோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவ அப்பா அதைத் தெருவுக்கு எடுப்பார். அப்பா நல்ல உயரம். முழங்கால் இரண்டும் ஸ்டீரிங்கை முட்ட, நண்டு போல ஒடுங்கிக்கொண்டு ஓட்டுவார். அம்மா இழுத்து வைத்த சீட்டை அவருக்குத் தள்ளத் தெரியவில்லை என்று எனக்கு ஒரே பரிதாபம். ஒருநாள் மனசு கேட்காமல் சொல்லிக்கொடுத்தேன்.

"கீழ ஒரு கம்பி இருக்குப்பா. அத இழுத்தா சீட்டு பின்னால போயிரும்."

"தெரியும்ளா. இருக்கட்டும்" என்றார்.

தெரியாததை ஒப்புக்கொள்ளப் பெரியவர்களுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.