ஏழு படத்திலும் அதே கறை

தெருவில் அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, கட்டிய கணவர்தான். பேருந்து ஓட்டுகிறவர். “வீட்டுல உயிரோட இருக்கிற மனுஷன் மூஞ்சிய நிமிர்ந்து பார்க்க நேரமில்ல. எப்பவோ போய்ச் சேர்ந்தவங்க சட்டைப் பொத்தானை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கா, சரியான பூதக்கண்ணாடி” என்று ஒருநாள் கீழே மருந்துக்கடைக்காரரிடம் சலித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் காதில் விழுந்த சேதி தெருக்கோடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் பால்காரர் வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவள் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒற்றை அறை. பழைய குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது அவள் தொழில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மேசைமேல் ஸ்கேனர், பக்கத்தில் பூ மாதிரி ஒரு பிரஷ், தூசியை ஊதி விரட்ட ஒரு ரப்பர் பந்து, வெள்ளைப் பருத்திக் கையுறை. கையுறை போடாமல் யாராவது படத்தைத் தொட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஆசையாக டீ தம்ளரோடு படியேறி வந்த கணவரையே வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள்.

இதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இதே வேலைதான். ஆனால் அங்கே படங்கள் இல்லை, படிவங்கள். தாளை வை, பொத்தானை அழுத்து, தாளை எடு. அத்தனை வருஷத்தில் ஒரு தாளையாவது படித்திருப்பாளா என்றால், சத்தியமாக இல்லை. அலுவலகம் வேறு ஊருக்கு மாறியபோது அவளை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். பழைய ஸ்கேனர் ஒன்றையும் வேண்டாமென்று விட்டார்கள். இரண்டும் ஒரே ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தன.

வந்த அன்று, வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, சுவரில் தொங்கிய அப்பா அம்மா கல்யாணப் படத்தைக் கழற்றி வைத்தாள். திரையில் பெரிதாக்கியபோது அப்பாவின் சட்டைக் கையில் ஒட்டுத்தையல் தெரிந்தது. கல்யாணச் சட்டையில் ஒட்டுத்தையல்! இன்னும் பெரிதாக்கினாள். அம்மாவின் இரண்டு விரல்கள், யாருக்கும் தெரியாமல், பின்பக்கமாக, அந்தச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாற்பது வருஷமாக வீட்டில் எல்லோரும் தினமும் பார்த்த படம். அந்த இரண்டு விரலை ஒருத்தரும் பார்த்ததில்லை. “இத்தனை நாளா இதெல்லாம் இதுக்குள்ளயேவா இருந்துச்சு?” என்று வாய்விட்டுக் கேட்டாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

அவளிடம் வருகிறவர்கள் பெரிய படங்களைத்தான் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற குட்டிப் படங்களை ஒரு கவரில் திணித்து, “இதுவும் கிடக்கு, முடிஞ்சா பாருங்க” என்று தள்ளிவிடுவார்கள். விவரம் தெரியாதவர்கள்! அந்தக் காலத்தில் ஃபிலிம் அகலமானது. குட்டிப் படம் என்பது அந்த ஃபிலிமை அப்படியே தாள்மேல் படுக்கவைத்து, பெரிதாக்காமல் பிரதி போட்டது. ஃபிலிமில் விழுந்தது அத்தனையும், ஒரு மயிரிழை குறையாமல், அந்தக் குட்டித் தாளில் இருக்கும். நம் கண்தான் அதற்குப் போதாது. ஒரு குட்டிப் படத்தில், குளித்துவிட்டு ஓடிவந்த குழந்தையின் ஈரக் கால்தடம் வாசல் சிமெண்டில் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஐம்பது வருஷமாக அந்த ஈரம் காயவில்லை. அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். அவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்கவும் முடியாது.

ஆல்பத்தைக் கொண்டுவந்தவர் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியும் நக இடுக்கில் கிரீஸ் இன்னும் போகவில்லை. எழுபதைத் தொட்ட வயது. அவருடைய அண்ணன் மூன்று மாதத்துக்கு முன் காலமாகி, அவர் பெட்டியிலிருந்து வந்த ஆல்பம். கறுப்பு அட்டைத் தாளில் நாற்பத்தோரு குட்டிப் படங்கள். பூஞ்சை பிடித்து, படத்துக்குப் படம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். “கண்ணு சரியாத் தெரியலம்மா. பெருசாப் பார்க்கணும், அவ்வளவுதான். அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்கு இரண்டு படம், மூன்று படம் என்று நான்கு மூலையையும் பிடித்திருந்த முக்கோணக் காகிதத்திலிருந்து நோகாமல் உருவி எடுத்தாள். ஏற்றினாள். திரையில் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழிப்பது என்றால், பக்கத்தில் இருக்கிற நிறத்தை எடுத்துப் புள்ளிமேல் பூசி மூடுவது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டு வாசலில் குடும்பம் வரிசையாக நிற்கும் படங்கள் ஏழு இருந்தன. அவற்றில் பின்னாலிருந்த ஜன்னலில் தீக்குச்சித் தலை அளவுக்கு வெளுப்பாக ஒரு கறை. இருட்டு ஜன்னலில் வெள்ளைக் கறை அசிங்கமாகத் தெரியுமே என்று பக்கத்திலிருந்த இருட்டை எடுத்துச் சுத்தமாக மூடினாள். மூன்று வாரத்தில், வெவ்வேறு நாளில், ஏழு முறை. அழிப்பதற்கு முந்தைய பிரதியைக் கம்ப்யூட்டரில் தனியாக எடுத்துவைக்கும் வழக்கமும் அவளிடம் இல்லை. அழுக்கை யாராவது சேர்த்துவைப்பார்களா?

சொன்ன நாளில், மத்தியானம், மெக்கானிக் வந்தார். திரைக்கு முன்னால் அவரை உட்காரவைத்தாள். நாற்பத்தோரு படங்களையும் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்து அவள் பக்கத்தில் நின்றாள். அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசிப் படம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாம் வந்துடுச்சாம்மா? ஒரு படத்துக்குப் பின்னால இன்னொரு படம் சொருகி இருந்துச்சா?”

“இல்ல சார். நாப்பத்தொண்ணுதான். ஏன், யாரைத் தேடறீங்க?”

“எங்க அக்காவை.”

அக்காவுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டதாம். பதினான்கு வயதில் போய்விட்டாள். அப்போது இவருக்கு எட்டு வயது. அப்பாவின் நண்பர் ஒருவரிடம் கேமரா இருந்தது, லீவுக்கு வரும்போதெல்லாம் எல்லோரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்.

“அப்பா அவளைத் தூக்கிட்டு வர விடமாட்டார். ‘எழுந்து நடக்கட்டும், அப்புறம் அவளையும் நிக்கவெச்சு எடுக்கலாம்’னு சொல்லிட்டே இருந்தாராம். கெட்ட மனுஷன் இல்லம்மா. நடந்துடுவான்னு நெஜமாவே நம்பினார்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அவ குரல் ஞாபகம் இருக்கு. கை ஞாபகம் இருக்கு. மூஞ்சி போயிடுச்சு. அண்ணன் இருந்தவரைக்கும் ‘எப்படி இருப்பா’ன்னு கேட்டுக்கலாம். இப்ப அவளைப் பார்த்த ஆள் உலகத்துலயே நான் ஒருத்தன்தான். எனக்கே தெரியலன்னா அவ இருந்ததுக்கே சாட்சி இல்லாமப் போயிடுது.”

அவர் எழுந்தார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆல்பத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“இது இனிமே எதுக்கும்மா? பூஞ்சை வேற. நீங்களே பழைய பேப்பரோட போட்டுடுங்க.” வாசல்வரை போனவர், எதையோ நினைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்: “அந்த ஜன்னல் இருக்கு பாருங்க, வாசல் படத்துல. அதை ஒட்டித்தான் அவ கட்டில்.”

அவள் ஆல்பத்தை மேசைமேல் வைத்து, வாசல் படங்களைப் புரட்டினாள்.

தூசியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தூசியின் குணம் தெரியாதா? ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிய தூசி ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் விழும். பூஞ்சை இஷ்டத்துக்கு விழும். ஆனால் இந்தக் கறை? ஒரு படத்தில் மெக்கானிக்கின் அப்பா தலைக்கு வலது பக்கம், இன்னொன்றில் இடது ஓரம், மற்றொன்றில் மேலே. கேமரா எங்கே நகர்ந்தாலும் கறை மட்டும் ஜன்னலைவிட்டு நகரவில்லை. எந்தத் தூசி வீடு தேடிப் போய் உட்காரும்? ஏழு நாள் பார்த்தும் இது மண்டையில் ஏறவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“சார், உட்காருங்க” என்றாள். “ஒரு சின்ன வேலை பாக்கி.”

“என்ன வேலை?”

சொல்லிவிடலாம். சொல்லி, அங்கே வெறும் பூஞ்சை இருந்துவிட்டால்? அந்த மனிதரை இரண்டாவது முறை ஏமாற்றியதாகிவிடும். ஆனால் மறைக்கவும் மனசு வரவில்லை.

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். ஜன்னல்ல ஏதோ கறைன்னு நெனச்சு அழிச்சுட்டேன். ஏழு படத்துலயும். அது கறைதானான்னு இப்பப் பார்க்கணும். வெறும் கறையாவும் இருக்கலாம். நம்பிக்கை வெச்சுக்காதீங்க.”

அவர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

கையுறையை மாட்டிக்கொண்டு முதல் படத்தை உருவினாள். ஸ்கேனரால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியுமோ அவ்வளவுக்கும் அமைத்தாள். அப்படி வைத்தால் உள்ளே விளக்கு நத்தை மாதிரித்தான் நகரும். ஒரு படத்துக்கு ஆறு நிமிஷம். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது. திரையில் ஜன்னலைப் பெரிதாக்கினாள். வெளுப்பாக ஒரு மொத்தை. தலையணையாக இருக்கலாம், துணி மூட்டையாக இருக்கலாம்.

இரண்டாவது படத்தில் ஜன்னல் கம்பி தெளிவாக இருந்தது. கம்பியைச் சுற்றி நான்கு சின்னக் கோடுகள். எண்ணினாள். விரல்கள்.

அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. மூன்றாவதை வைத்தாள். விளக்கு மெல்லப் போய்த் திரும்பியது.

மூன்றாவதில் முகம் இருந்தது.

கம்பிக்கு நடுவில், விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, ஒட்ட வெட்டிய தலைமுடியோடு ஒரு பெண். சின்னக் கண். காது கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது. வெயில் சரியாக அவள்மேல் விழுந்திருந்தது. வாசலில் நின்றவர்கள் யாரும் அவளைப் படத்தில் சேர்க்கவில்லை, படம் எடுத்தவருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் யாரையும் கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. அறுபது வருஷத்துக்கும் மேலாக அவள் அந்தக் குட்டித் தாளுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆயிரக்கணக்கில் படம் பார்த்த பூதக்கண்ணாடி, திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

மெக்கானிக் திரைக்கு மிக அருகில் வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எனக்கு ஞாபகம் வரலம்மா” என்றார், தப்பு செய்தவர்போல. “இந்த மூஞ்சியப் பார்த்த ஞாபகமே இல்ல. இவதானான்னு எப்படிச் சொல்றது?”

மீதி நான்கையும் வைத்தாள், அது ஒன்றுதான் அவளால் முடிந்தது. நான்கிலும் அந்தப் பெண் இருந்தாள். ஒன்றில் நெற்றி மட்டும், ஒன்றில் கொட்டாவி விட்டபடி. ஐந்தாவதில் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். ஏழையும் திரையில் வரிசையாகப் போட்டபோதுதான் முன்வரிசையில் இருந்த அந்தப் பொடியனைக் கவனித்தாள். மற்றவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்க, அவன் மட்டும் ஏழு படத்திலும் தலையைப் பின்னால் திருப்பியிருந்தான். அசைந்ததில் முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

“இது யாரு சார்? ஏன் இவன் மட்டும் திரும்பிட்டே இருக்கான்?”

“நான்தான். படத்தைக் கெடுத்துட்டேன்னு ஒவ்வொரு தடவையும் அப்பா காதைத் திருகி முதுகுல ரெண்டு வெப்பார். ஏன் திரும்பினேன்னு யாருக்குத் தெரியும், எனக்கே...”

கடைசிப் படத்தை அவள் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அவர் பேச்சு பாதியில் நின்றது. அந்தப் படத்தில் ஜன்னல் பெண் இரண்டு விரலால் கண்ணைக் கீழே இழுத்து, நாக்கை மோவாய்வரை நீட்டி, தனக்கு முன்னால் நின்ற பொடியனுக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கின் முகம் முதலில் கோணியது. பிறகு சிரிப்பு வந்தது, கண்ணீரும் கூடவே வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. திரையில் அந்த நாக்குக்குப் பக்கத்தில் கிரீஸ் படிந்த விரலை வைத்தார். பூதக்கண்ணாடி தடுக்கவில்லை.

“அக்கா” என்றார் எழுபது வயதுக்காரர், அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணைப் பார்த்து. “அத்தனை அடியும் உன்னாலதான் வாங்கினேன்.”