பெயரை வெட்டி எறிந்த சாக்கு

சிவகாசியில் எங்கள் வாடகை வீட்டில் மாடிக் கம்பியைத் தவிர செடி வைக்க இடமில்லை. என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் லோடு இறக்குகிறவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த வெள்ளைச் சாக்குகளை நன்றாக அலசி, வரிசையாகப் பைகள் தைத்துக் கம்பியில் தொங்கவிட்டேன். சாக்கில் அச்சடித்திருந்த எழுத்து பார்க்க அசிங்கமாக இருந்ததால், அந்தப் பகுதியை மட்டும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். புதினாவும் சிறுகீரையும் தளதளவென்று வளர்ந்தன. இரண்டு மாதமாக அதைத்தான் சமைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா வந்தார். பட்டாசுக்கு மருந்து கலக்கும் வேலைக்குப் போகிறவர். பையைத் தொட்டுப் பார்த்ததுமே, "ஏ புள்ள, இது கெமிக்கல் வந்த சாக்குல்ல? இதுலயா கீரை போட்ட?" என்றார்.

என் ஆறு வயது மகள் காலையிலிருந்தே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்திருந்தாள். அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"சாக்குல என்ன கெமிக்கல் இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"பேரெல்லாம் பாக்கலீங்க டாக்டர். வெள்ளைப் பொடி, அம்புட்டுதான் தெரியும்," என்றார் என் கணவர்.

பெயரை வெட்டி எறிந்தவள் நான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

மறுநாள் வலி நின்றது. கீரைதான் காரணமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது அரிசிச் சாக்கில்தான் பை தைக்கிறேன். கடையின் பெயர் தெருவைப் பார்த்தபடி தொங்குகிறது. அப்படியும், முதலில் பறிக்கும் கீரையை நான் மட்டும் சாப்பிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான் மகளுக்குப் போடுகிறேன்.