பின்னுக்கு நின்ற எஞ்சின்

இத்தாலியின் பலெர்மோ நகரில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் குளிக்க வார்ப்பதும் சாப்பாடு தீத்துவதும் பழகிவிடும். அவர்களுடைய பிடிவாதம்தான் பழகாது. எனக்கு முன்னமே, தொண்ணூறுகளில் இலங்கையிலிருந்து இதே வேலைக்கு வந்து முதுகு முறிந்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

குதிரை

நான் பராமரிக்கும் ஐயா, சின்யோர் சால்வோ, இளவயதில் தம்பி நினோவுடன் அமெரிக்காவுக்குப் போய், இண்டியானாபோலிஸ் பந்தயத்துக்குக் கார் கட்டியவர். மூக்கு நீண்ட கார்கள், எஞ்சின் முன்னுக்கு. அறுபதுகளில் ஐரோப்பாவிலிருந்து, எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் வைத்த சின்னக் கார்கள் வந்து இறங்கின. எல்லோரும் சிரித்தார்கள். நினோ மட்டும், நாங்களும் மாறுவோம் என்றாராம். அண்ணன் மறுக்க, அவர் பின் எஞ்சின்காரரோடு போய்ச் சேர்ந்துவிட்டார். சில வருசத்தில் அந்தப் பந்தயத்தில் முன் எஞ்சின் கார் ஒன்றுகூட இல்லை. சால்வோ பட்டறையைப் பூட்டிவிட்டு ஊருக்குத் திரும்பியவர், தம்பியோடு பிறகு கதைக்கவே இல்லை.

இதெல்லாம் தெரியாமல் முதல் நாள் நான் சக்கர நாற்காலியைப் பின்னால் நின்று தள்ள, மனுசன் பிரேக்கைப் பிடித்துவிட்டார். கயிறு கட்டி முன்னுக்கு நின்று இழுக்க வேண்டுமாம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாமல் பொலிசுக்கு ஒளித்துத் திரிபவனுக்கு என்ன ரோசம்? இழுத்தேன். பல்லரோ சந்தையில் மீன்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "குதிரை நல்லாத்தான் இருக்கு, சின்யோர். என்ன தீனி போடுறியள்?"

மண்டரின்

ஞாயிறு பின்னேரங்களில் அமெரிக்காவிலிருந்து நினோ போன் எடுப்பார். "நித்திரையெண்டு சொல்லு" என்பார் சின்யோர். நான் சொல்வேன். "சரி, எழுப்பாதை" என்று நினோவும் வைத்துவிடுவார். அந்தக் குரலைக் கேட்க எனக்குத் துக்கமாக இருக்கும்.

ஒருநாள் பொறுக்காமல், எஞ்சினைப் பின்னுக்கு வைத்தால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று சின்யோரிடம் கேட்டேன். மேசையில் கிடந்த, பக்கத்துச் சியாகுல்லியில் விளைந்த மண்டரின் பழங்களை அடுக்கிக் காட்டினார். எஞ்சினிலிருந்து பின்சில்லுக்குப் போகும் தண்டு சாரதிக்குக் கீழே ஓடத் தேவையில்லை, சாரதி நிலத்தோடு படுத்திருக்கலாம், காரின் பாரம் குறையும், வளைவில் ரயர் அவ்வளவு தேயாது. எல்லாம் எதிராளிக்குச் சாதகமாகவே சொன்னார். அப்படியென்றால் நினோ சொன்னது சரிதானே என்றேன். பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கார் முதல் வளைவு திரும்பேக்கையே எனக்குத் தெரியும்."

ஏற்றம்

சந்தையிலிருந்து வீட்டுக்கு வரும் சின்ன ஏற்றத்தில் ஒரு வியாழன் கயிறு அறுந்தது. நாற்காலி பின்னோக்கி உருள, நான் பாய்ந்து பின்னால் போய் முட்டுக்கொடுத்தேன். பிறகு அப்படியே தள்ளினேன். இந்த முறை அவர் பிரேக் பிடிக்கவில்லை. கதவடியில் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நினோ எடுத்தால் போனை என்னட்டைத் தா."

ஞாயிறு

சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, காலையிலேயே போனடியில் வந்து இருந்துவிட்டார். சொல்லப்போவது ஒரே ஒரு வசனம்: நீ சொன்னதுதான் சரி. அதை என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பின்னேரம் மணி அடித்தது. எடுத்தேன். நினோவின் மகள். தகப்பன் வெள்ளிக்கிழமை தோட்டத்தில் விழுந்து இறந்துபோனார் என்றாள். அதை என் வாயால் சொல்ல மனம் வரவில்லை, போனை அவரிடம் கொடுத்தேன். கேட்டார். மெல்ல வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவனும் நித்திரையாம்."

அதற்குப் பிறகு அவர் கயிறு கேட்கவில்லை. பின்னால் நின்று தள்ளும் எங்களுக்குள்ள ஒரே வசதி, முன்னுக்கு இருப்பவர் அழுவதைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான்.