அரசர் இறக்கிய கூடை

கெமேலமா செங்கல் களத்தில் பிறந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தலையில் ஏதாவது ஒரு சுமை இருந்தது. இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்கும் புருசனைக் கால்வாய்ச் சண்டைக்கும் பறிகொடுத்த பிறகும், சும்மாட்டை வைத்துவிட்டால் அவள் கழுத்து பேரீச்ச மரம்போல நிமிர்ந்துகொள்ளும். கூலி, பார்லியும் ஒரு குடுவை பீரும். அவளைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஊர்நுஸ்கா பட்டத்துக்கு வந்த வருஷம் அது மாறியது. யூப்ரடீஸ் ஆற்றின் இரண்டு கிளைக் கால்வாய்களுக்கு நடுவே கிடந்த அந்தச் சின்ன ஊருக்கு அவர் அரசர் என்பது பக்கத்து ஊருக்கே சரியாகத் தெரியாது. புது அரசர் நிசாபா தேவிக்குக் கோயில் எழுப்ப வேண்டும். முதல் செங்கல்லுக்கான மண்ணைக் கரையிலிருந்து அவரே சுமக்க வேண்டும். கூடையைப் பிறர் ஏற்றிவிடலாம், அவர் அடியெடுத்து வைத்த பிறகு மண் செங்கல் அச்சில் விழும்வரை வேறு கை படக் கூடாது. பட்டாலோ கூடை விழுந்தாலோ தேவிக்கு அவர் வேண்டாம் என்று பொருள். அரியணை தம்பிக்குப் போய்விடும்.

சுமக்கக் கற்றுக்கொடுக்க கெமேலமாவை அழைத்தார்கள்.

"அடியே, ராசா கூடையப் போட்டா உன் தலைதான் உருளும்" என்றாள் கூடச் சுமக்கும் அமாகீனா.

"உருண்டாலும் சும்மாட்டோடதான் உருளும். நீ உன் கூடையப் பாரு."

கனம் குறையக் கூடையின் அடியில் வைக்கோல் அடைக்கச் சொன்னார் கோயில் அதிகாரி. அரசர் கேட்கவில்லை. "தேவி முன்னாடி வைக்கோலத் தூக்கிட்டு நிக்கவா? நெறைய மண்ணு போடும்மா."

"போடறேன் ராசா. காலப் பாக்காதீங்க, அது தானாப் போகும். நீங்க தூரத்தப் பாருங்க."

களத்தில் அரசர் பழகிய நாளெல்லாம் அவளே ஏற்றிவிட்டாள், அவளே இறக்கிவிட்டாள்.

அந்த நாள் வந்தது. ஊரே திரண்டிருந்தது. அரசர் சிந்தாமல் சிதறாமல் மேடைவரை வந்துவிட்டார். வந்தவர், கீழே கிடந்த அச்சுக்கு முன்னால் அப்படியே நின்றார்.

அப்போதுதான் கெமேலமாவுக்கு உறைத்தது. களத்தில் யாரும் தன் கூடையைத் தானே இறக்கியதில்லை. ஒருத்திக்கு இன்னொருத்தி வருவாள். இறக்குவதும் ஒரு வேலை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தெரியாததைச் சொல்லித்தராமல் விடலாம், தினமும் செய்வதையே ஒருத்தி இப்படி விடுவாளா?

அரசரின் கழுத்து நடுங்கியது. தம்பியின் ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவள் ஓடிப் போய்த் தொட்டால் எல்லாம் பாழ்.

அரசர் தூரத்தையே பார்த்துக்கொண்டு, முதுகு வளையாமல், முதலில் ஒரு முழங்காலையும் பிறகு மற்றதையும் மண்ணில் ஊன்றினார். தலையை மெல்லச் சாய்த்தார். மண் வழுக்கி அச்சில் இறங்கியது.

தேவியை வணங்குகிறார் என்று நினைத்துக் கூட்டம் முழுக்க மண்டியிட்டது. வேறு வழியில்லாமல் தம்பியும்.

சாயங்காலம் பீர் குடித்தபடி அரசர் கேட்டார்: "ஏம்மா, இறக்கறத மட்டும் யாரு சொல்லித்தருவா?"

"எங்களுக்கு அது தேவைப்பட்டதில்ல ராசா. பக்கத்துல எப்பவும் ஒருத்தி இருப்பா."

அவர் சிரிக்கவில்லை. "நீ குடுத்துவெச்சவ" என்றார்.

ஊர்நுஸ்காவின் பெயர் சீக்கிரமே மறந்துபோனது. மண்டியிடுவது மட்டும் நிலைத்துவிட்டது. அவர் பேரன் கூடை சுமந்த நாளில், அது ஆதிகாலத்து வழிபாடு என்று பூசாரிகள் சொன்னார்கள். கிழவியாகிவிட்ட கெமேலமா அமாகீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"பாவம்டி. இவனுக்கும் இறக்கிவிட ஆளில்ல."