பாப்பாத்தி காட்டிய கணக்கு

எங்கள் வகுப்பில் படித்த பெருமாயிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 1936இல் அவளை எங்கள் மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தபோது ஊரே சிரித்தது. அவள் அம்மா பாப்பாத்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷனை இழந்தவள், பிடிவாதக்காரி.

பள்ளிக்கு ஒரே வாத்தியார், சேந்தமங்கலத்து அர்த்தநாரி. "நீயும் வந்து பக்கத்துல உக்காந்துக்க, பாப்பாத்தி. உன் கை பேசுனாத்தான் அதுக்கு வெளங்குது" என்றார். காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இரண்டு வருடம் வந்து உட்கார்ந்தாள். சாமை அறுப்பில் எத்தனை கட்டு என்று எதிர்ச்சரிவில் நிற்பவருக்கு நாங்கள் கையால்தான் காட்டுவோம். மூடிய கை பத்து, விரல் ஒன்று. அப்படியே மகளுக்கும் காட்டினாள். கணக்கில் பெருமாயி எங்கள் எல்லோரையும் முந்தினாள்.

மூன்றாம் வருடம் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் முன்னால் தேறாவிட்டால் பள்ளிப் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார்கள். வந்ததும் பாப்பாத்தியை வெளியே போகச் சொன்னார். "பதினாலும் பதிமூன்றும் எத்தனை?" என்று வாயால் கேட்டார். நாங்கள் எழுதினோம். பெருமாயி வாசலைப் பார்த்தாள்.

பெற்ற மனம் பொறுக்குமா? பாப்பாத்தி வெளியே நின்றபடியே கையை மூடிக் காட்டி நான்கு விரல் நீட்டினாள். மறுபடி மூடிக் காட்டி மூன்று விரல். பெருமாயி சிலேட்டில் 27 என்று எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் சிலேட்டைப் பார்க்கவில்லை, பாப்பாத்தியின் கையைத்தான் பார்த்தார். "விடையைச் சொல்லிக் கொடுக்கிறாயா?"

"இல்லீங்க சாமி! கேள்வியத்தானுங்க காட்டுனேன். வெடை அவ போட்டதுங்க. வாத்தியாரக் கேளுங்க."

அர்த்தநாரிக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நானும்தான் சும்மா இருந்தேன்.

"செவிட்டுப் பிள்ளைகளுக்கு மெட்ராஸில் தனிப் பள்ளி இருக்கிறது, அங்கே கொண்டுபோய்ச் சேர்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் பெயரை அடித்தார். பாப்பாத்தி சேந்தமங்கலம் சந்தையைத் தாண்டிப் போனதே இல்லை.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டைக் கடந்து பள்ளிக்குப் போனேன். கிளம்பி வந்த மகளின் கையிலிருந்து பாப்பாத்தி சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பெயரை அடித்துவிட்டார்கள் என்பதை எந்தக் கையால் காட்டுவாள்? கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்றே பெருமாயி நினைத்திருக்க வேண்டும். சிலேட்டைத் திரும்ப வாங்கி, எச்சில் தொட்டு அழித்து, விரல்விட்டு எண்ணி, மறுபடியும் 27 என்று எழுதி அம்மாவிடம் நீட்டினாள்.