இரண்டாம் டிவிஷனின் இரண்டாவது கோல்கீப்பர்

அணியில் எல்லோரும் அவனை ஸ்டெப்னி என்றுதான் கூப்பிட்டார்கள். தேசிய இரண்டாம் டிவிஷன் லீகில் ஒன்பது சீசனாக மாற்று கோல்கீப்பர்; ஒரு ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆட்டத்துக்கு முன் அரைமணி நேரம் முதல் கோல்கீப்பருக்குப் பந்து உதைத்துக் கொடுப்பான். அப்புறம் பெஞ்சு. அவன் ஜெர்சியைத் துவைப்பதைப்போல் சுகமான வேலை உலகத்தில் இல்லை என்பாள் மனைவி.

அப்பா லாரிப் பட்டறையில் ஃபிட்டர். உள்ளூர் ஆட்டம் ஒன்றுவிடாமல் லீவு போட்டுவிட்டு வருவார். மகன் கோலில் நிற்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

லீகோ வருஷத்துக்கு வருஷம் தேய்ந்தது. தடபுடலாகப் பதினான்கு அணிகளுடன் ஆரம்பித்தது, ஒன்பதாவது சீசனில் ஐந்தாகிவிட்டது. பேனரில் மட்டும் ‘தேசிய’ என்ற சொல்லுக்குக் குறைச்சலில்லை.

அந்த சீசனின் கடைசி ஆட்டம். மூன்று கோல் முன்னிலை, பத்து நிமிடம் பாக்கி. கோச் திரும்பி, "ஸ்டெப்னி, எறங்கு" என்றார். கேலரியில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

அவன் கையுறையை மாட்டும்போது முதல் கோல்கீப்பர் இந்தப் பக்கம் பார்த்தான். ஏழு ஆட்டமாக ஒரு கோல்கூட விடாதவன். இதையும் முழுசாக முடித்தால் லீக் சாதனை. இவனுக்குப் பாவமாகப் போயிற்று.

"அவனே முடிக்கட்டும் சார். நான் அடுத்த வருஷம் ஆடிக்கறேன்."

"சரி. அடுத்த சீசன் மொத மேட்ச் உன்னோடது."

அசடு! வேறெப்படிச் சொல்வது? அப்பா மெல்ல உட்கார்ந்தார். கோச்தான் மனம் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்; இவனும் திருத்தவில்லை.

இரண்டு மாதத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. தவிர்க்க இயலாத காரணங்களால் லீக் கலைக்கப்படுகிறதாம். நான்கு நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். அப்பா தினமும் "மேட்ச் தேதி வந்துச்சாடா?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் கடிதத்தை நீட்டினான்.

அவர் இரண்டு முறை படித்தார். "அன்னிக்கே எறக்கியிருக்கலாம் அந்த கோச். பாவி."

"அவர் எறங்கத்தான்பா சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். அவன் ரெக்கார்டு போயிடுமேன்னு..."

அப்பா கடிதத்தை மடித்தார்.

"ஒம்பது வருஷமா நான் வந்தது உன் ஆட்டத்தப் பாக்கடா. உன் நல்ல மனசப் பாக்கறதுக்கா வந்தேன்?"